உள்ளங்கையில் எழுதிய பாட்டு

“மாமா, அவர் ஏன் கையையே பாத்துப் பாத்துப் பாடுறாரு?”

அக்கா மகன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது குயின் இசைக்குழு 1986இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நடத்திய கச்சேரி. பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் குறுந்தகடு. ‘ரேடியோ கா கா’வில் அரங்கமே கையை உயர்த்தித் தட்டும் காட்சிக்காக எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். நடுவில் வரும் இந்தச் சின்னப் பாட்டை ஒருநாளும் நின்று கேட்டதில்லை. புரியாத மொழி என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்று நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினோம். பக்கத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் பிரயன் மே மெதுவாகச் சுருதி கொடுக்கிறார். பாடகர் பிரெடி மெர்க்குரி முதல் வரியைப் பாடியதும் கூட்டத்திலிருந்து ஓர் இரைச்சல் கிளம்புகிறது. மற்ற பாட்டுகளுக்கு எழும் ஆரவாரம் போல அது இல்லை. வெளியூரில் யாரோ நம் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாயிலிருந்து தன்னையறியாமல் வருமே, அந்தச் சத்தம். அடுத்த வரிக்கு முன்னால் பிரெடி உள்ளங்கையைப் பார்க்கிறார். எழுதி வைத்திருக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பாட்டு முடிந்துவிடுகிறது.

கையில் எழுதிக்கொண்டு பாடும் அளவுக்குப் புதிதாகக் கற்ற ஒரு பாட்டு, ஏறத்தாழ 80,000 பேரை எப்படி அப்படி உலுக்கும்? இந்தக் கேள்வி என்னை மூன்று மாதம் விடவில்லை.

பாட்டின் பெயர் முதலில் கிடைத்தது: ‘தவாசி சேல்’, வசந்தக் காற்று. ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டு. காற்றில் நீர் பெருகுகிறது, பறவைகள் துணை தேடுகின்றன, பாடுகிறவர் தனக்கு யார் என்று கேட்டுக்கொள்கிறார். பொருள் இவ்வளவுதான். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தபோது ஒரு சிறிய மகிழ்ச்சி வந்தது. ஹங்கேரிய மொழியில் ‘வீஸ்’ என்றால் நீர். ‘விசெத்’ என்றால் நீரை. நம் இரண்டாம் வேற்றுமை போலவே சொல்லின் வாலில் உருபு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்க் காது அந்த மொழிக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பாட்டு சாங்கோ மக்களுடையது. கார்பாத்திய மலைகளுக்கு அப்பால், இன்றைய ருமேனியாவின் கிழக்கில் மோல்டாவியா என்னும் பகுதியில் வாழும் ஹங்கேரிய மொழிக்காரர்கள் அவர்கள். நாட்டின் எல்லைக்கு வெளியே, ஒதுங்கிக் கிடந்த கிராமங்களின் பாட்டு எப்படித் தலைநகரத்து விளையாட்டரங்கில் எல்லோர் வாயிலும் இருந்தது? என் தேடல் ராக் இசையை விட்டு விலகி வேறு பக்கம் திரும்பியது இங்கேதான்.

1904 கோடையில் பேலா பார்டோக் என்னும் இளம் இசைக்கலைஞர் ஊரகத்தில் தங்கியிருந்தபோது, டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு பணிப்பெண் பாடுவதைத் தற்செயலாகக் கேட்டார். லிடி டோஷா என்பது அந்தப் பெண்ணின் பெயர். நகரத்து மேடைகளில் ‘ஹங்கேரிய இசை’ என்று வழங்கியதற்கும் அந்தப் பெண்ணின் குரலில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த ஆண்டு ஸோல்டான் கோடாய் பாட்டுத் தேடிக் கிராமங்களுக்குக் கிளம்பினார். இருவரும் சேர்ந்தார்கள். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களைப் பாடச் சொல்லிப் பதிந்தார்கள். 1906இல் 20 பாட்டுகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார்கள்.

பார்டோக் 1940இல் அமெரிக்காவுக்குப் போய் 1945இல் நியூயார்க்கில் இறந்தார். கோடாய் நாட்டிலேயே இருந்தார். சேகரித்ததை நூலகத்தில் அடுக்கிவைப்பதோடு அவர் நிற்கவில்லை. குழந்தை தாய்மொழியைப் பேசக் கற்பது போல இசையையும் தன் மண்ணின் பாட்டிலிருந்துதான் கற்க வேண்டும், கருவியைத் தொடுவதற்கு முன் தன் குரலால் பாட வேண்டும் என்றார். 1950இல் அவருடைய சொந்த ஊரான கெச்கெமேட் நகரில் அன்றாடம் இசைப் பாடம் உள்ள தொடக்கப்பள்ளி தொடங்கியது. அந்த முறை நாடெங்கும் பரவியது. யுனெஸ்கோ 2016இல் அதை மரபைப் பேணும் நல்வழிகளின் பட்டியலில் சேர்த்தது.

அந்த வகுப்புகளில் ஆசிரியர் ஸ்வரங்களைக் கையசைவால் காட்டுவார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைமுத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் உருவாக்கிய முறை அது. கோடாய் அதை எடுத்துத் தன் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்டார். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்திலிருந்து கைமுத்திரைகள் போய் ஹங்கேரியப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து நின்ற அரங்கில், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாடகர் அவர்கள் பாட்டைத் தன் கையில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்.

அந்த இரைச்சலின் ஊற்று எனக்குப் புரிந்தது. அங்கே நின்றவர்களில் பலர் கோடாயின் முறையில் பாடிப் படித்தவர்களாக இருக்க வேண்டும். குழந்தைப் பருவத்து வகுப்பறைப் பாட்டை அவர்கள் ஒலிபெருக்கியில், பிரெடியின் குரலில் கேட்டார்கள்.

ஆனால் பிரெடிக்கு இது ஏன் தோன்றியது? அந்தக் குழு உள்ளூர் மொழியைத் தொட்டது அது முதல்முறை இல்லை. ஜப்பானிய ரசிகர்களின் அன்புக்குப் பதிலாக பிரயன் மே எழுதிய ‘டியோ டொரியாட்டே’ 1976இல் வெளிவந்தது. அதன் பல்லவியில் ஜப்பானிய மொழி உண்டு. 1982இல் வந்த ஒரு பாட்டில் ஸ்பானிய மொழி. பிரெடியின் பிறப்பையும் நினைத்துப் பார்க்கிறேன். சான்சிபாரில் 1946இல் பாரூக் புல்சாராவாகப் பிறந்த பார்சிப் பிள்ளை. மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே ‘ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவில் பியானோ வாசித்தவர். பல மொழிகள் காதில் விழ வளர்ந்தவருக்கு அந்நிய ஒலிகளை நாவில் உருட்டிப் பார்ப்பதில் கூச்சம் இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய காரணம் பாட்டுகளின் வரிசையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ‘தவாசி சேல்’ பாட்டுக்குச் சற்று முன்னால் வருவது ‘லவ் ஆஃப் மை லைஃப்’. 1981இல் குயின் தென்னமெரிக்கா போனபோது, ஆங்கிலம் பேசாத பெருங்கூட்டங்கள் இந்தப் பாட்டைச் சொல் பிசகாமல் பாடின. பிரெடி பாட்டை நிறுத்திக் கூட்டத்திடம் கொடுத்துவிடுவார். ஊர் ஊராக இது வழக்கமாக இருந்தது. புடாபெஸ்டிலும் மக்கள் அவருடைய மொழியில் அவருடைய பாட்டைப் பாடினார்கள். உடனே அவர் அவர்கள் மொழியில் அவர்கள் பாட்டைப் பாடினார். மொய் வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் மறக்காமல் போய் நிற்பதில்லையா, அப்படி.

இந்தக் காட்சி நம் கைக்கு இவ்வளவு தெளிவாக வந்து சேர்ந்த கதையையும் தேடினேன். அதே சுற்றுப்பயணத்தில், இரண்டு வாரம் முன்னால் லண்டன் வெம்ப்ளியில் நடந்த கச்சேரியைத் தொலைக்காட்சிக்காக வீடியோ நாடாவில் எடுத்தார்கள். புடாபெஸ்ட் கச்சேரியை எடுத்தது ஹங்கேரியின் அரசு சினிமா நிறுவனம். இயக்குநர் யானோஷ் ஜோம்போயாய், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். அவர்கள் திரைப்படம் எடுக்கும் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். 17 கேமராக்கள் என்று படத்தின் மறுவெளியீட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. வீடியோ நாடாவில் பதிந்த படத்துக்கு அன்றைய தொலைக்காட்சியின் 625 கோடுகளே எல்லை. பிலிமில் அதைப் போலப் பலமடங்கு நுணுக்கம் உறங்கிக்கொண்டிருக்கும். 2012இல் மூலத்திலிருந்து புதுப்பித்துத் திரையரங்குகளில் வெளியிட்டபோது அது விழித்துக்கொண்டது.

பிலிமில் ஒரு சங்கடம் உண்டு. ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடம்தான் ஓடும். பிறகு மாற்ற வேண்டும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் எந்த நேரமும் ஏதோ ஒரு கேமரா சுருள் மாற்றிக்கொண்டு குருடாக நிற்கும். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாட்டு, பிரெடியின் பார்வை கைக்குப் போய்த் திரும்பும் ஒரு நொடி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவில் அப்போது பிலிம் இருந்தது. அந்த ஒளிப்பதிவாளரின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இரும்புத்திரைக்குப் பின்னால், அதாவது அன்றைய கம்யூனிஸ்ட் நாடுகளில், நடந்த முதல் ராக் கச்சேரி என்று இதைப் பலர் சொல்வார்கள். தவறு. ரோலிங் ஸ்டோன்ஸ் 1967இலேயே வார்சாவில் வாசித்தார்கள். அயர்ன் மெய்டன் 1984இல் புடாபெஸ்டுக்கே வந்தார்கள். பொய்யான முதலிடம் கொடுத்தால்தான் இந்தக் கச்சேரிக்குப் பெருமை என்று நான் நினைக்கவில்லை. அன்று ஹங்கேரியை ஆண்ட யானோஷ் காதாரின் ஆட்சி கலையை ஆதரிக்கத்தக்கது, பொறுத்துக்கொள்ளத்தக்கது, தடுக்கத்தக்கது என்று மூன்றாகப் பிரித்திருந்தது. பொறுத்துக்கொண்ட ஓர் இசையை அரசின் கேமராக்களே இத்தனை அக்கறையோடு படம்பிடித்தன என்பதுதான் எனக்கு வியப்பு.

1986 ஜூலை 27 அன்று அந்தக் கச்சேரி நடந்தது. குயின் குழுவினர் வியன்னாவில் பாடிவிட்டு டேன்யூப் நதி வழியே படகில் வந்து இறங்கினார்கள். 13 நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் பாடியதோடு பிரெடி குயினுடன் செய்த பயணங்கள் முடிந்தன. 1991இல் அவர் மறைந்தார். நேப்ஸ்டேடியோன், அதாவது மக்கள் அரங்கம் என்று பெயர்கொண்ட அந்த விளையாட்டரங்கை 2016இல் இடித்தார்கள். அதே இடத்தில் கால்பந்து வீரர் புஷ்காஷ் பெயரில் புதிய அரங்கம் நிற்கிறது.

இவ்வளவையும் அக்கா மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கேட்டுக்கொண்டே கீபோர்டில் அந்த மெட்டைத் தேடினான். முதல் வரி சீக்கிரம் வந்துவிட்டது. மூன்றாவது வரியில் தடுமாறினான். பிறகு பேனாவை எடுத்து, ஸ்வரங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.