ரோஜாக் குன்றில் ஒரு குழந்தை இல்லம்

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டை டான்யூப் நதி இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பெஸ்ட், கடையும் கூட்டமுமாகச் சமதரை. மேற்கே புடா, ஒரே மேடும் குன்றும். மார்கரெட் பாலத்தை டிராமில் தாண்டி மேலே ஏறினால் ரோஜாக் குன்று என்ற அமைதியான பகுதி. லோட்ஸி தெரு இங்கேதான் இருக்கிறது.

1946-இல், யுத்தம் முடிந்த கையோடு, எம்மி பிக்லர் என்ற பெண் டாக்டர் இந்தத் தெருவில் பெற்றோரிடம் வளர வழியில்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அந்தக் காலத்து அநாதை இல்லங்களில் வேளாவேளைக்குப் பால் கிடைத்தும் குழந்தைகள் வாடிப் போயின. முகம் பார்த்துப் பேச ஆளில்லை! ஒரு ஆயாவுக்குப் பல குழந்தைகள். எல்லோரையும் மடியிலேயே வைத்திருக்க முடியுமா? பிக்லர் ஒரு வழி கண்டார். குளிப்பாட்டும்போதும், துணி மாற்றும்போதும், ஊட்டும்போதும் ஆயாவின் கவனம் முழுக்க அந்த ஒரு குழந்தைக்கே. அவசரம் கூடாது. "கண்ணா, சட்டை போடப் போறேன், கையைக் கொடு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாளடைவில் குழந்தை தானாகவே கையை நீட்டும். (நம் பாட்டிமார் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, பேசிப் பேசியே குளிப்பாட்டுவார்களே, அதுவும் இதே சங்கதிதான்.)

மற்ற நேரம்? மல்லாக்கப் படுக்க வைத்து, எட்டும் தூரத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டை. அதுதான் முதல் பொம்மை! யாரும் பிடித்து உட்கார வைப்பதில்லை, கையைப் பிடித்து நடத்துவதுமில்லை. புரள்வது, குப்புறுவது, தவழ்வது, உட்காருவது எல்லாம் குழந்தை தானே செய்ய வேண்டும். தானாக உட்காரக் கற்ற குழந்தைக்கு, அதிலிருந்து மீளவும் தெரியும். தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்த குழந்தை சாய்ந்தால், அழுவதைத் தவிர என்ன செய்யும்? "எங்க பேத்தி நாலு மாசத்துலேயே உட்கார்ந்துட்டா" என்ற பெருமை நமக்குத்தான், அவளுக்கு அல்ல. ஆனால் ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையென்றால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சக்கரம் வைத்த வாக்கரோ அறவே வேண்டாம். படியில் உருண்டு தலையில் அடிபடுகிறது என்று கனடாவில் 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

பிக்லர் 1984-இல் காலமானார். 2011-இல் குழந்தைகள் தங்கி வளரும் இல்லம் மூடப்பட்டது. பகல் நேரக் காப்பகமும் பயிற்சியும் தொடர்ந்தன. ஏறி இறங்க அங்கே இருந்த மர முக்கோண ஏணி, இப்போது 'பிக்லர் முக்கோணம்' என்று கடைகளில் விற்கிறது. வாங்கினால், தயவுசெய்து குழந்தையைத் தூக்கி உச்சியில் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். அது தானாக ஏறட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.