மொதல்ல கையைக் கழுவு!

அக்கா குழந்தையைத் தூக்கப் போனேன். "மொதல்ல கையைக் கழுவுடா"ன்னு அம்மா அதட்டல். இதுக்கு இவ்ளோ ரகளையான்னு நெட்டில் தேடினப்ப மாட்டினவர்தான் டாக்டர் செம்மல்வெய்ஸ்.

வியன்னா பொது மருத்துவமனையில் ரெண்டு பிரசவப் பிரிவு. 1846-ல் மருத்துவ மாணவர்கள் பிரிவில் நூத்துக்கு 11 தாய்மார்கள் செத்தாங்க, பெரும்பாலும் பிரசவ ஜன்னியில். மருத்துவச்சிகள் பிரிவில் 3-க்கும் கம்மி. மாணவர்கள் பிரிவு வேணாம்னு பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியிருக்காங்க, பாவம்.

1847-ல் பிணப் பரிசோதனையில் கத்தி பட்டு நண்பர் கொல்லெட்ச்காவும் அதே மாதிரி சாக, செம்மல்வெய்ஸுக்குப் பொறி தட்டுச்சு. பிணம் அறுத்த கையோடதானே பிரசவமும் பாக்கறாங்க! மே மாசம் குளோரின் கரைசலில் கை கழுவ வச்சார். ஏப்ரலில் 18 சதவீதமா இருந்த சாவு ஜூனில் 2 ஆச்சு.

அப்பவும் பெரிய டாக்டர்கள் பலர் ஏத்துக்கலை. என் கோடுல பக்கே இல்லைன்னு டெஸ்டர்கிட்ட மல்லுக்கட்டுற எனக்கு அவங்களைத் திட்ட வாய் வரலை.

செம்மல்வெய்ஸ் 1865-ல் மனநலக் காப்பகத்தில், புண் சீழ்பிடிச்சு செத்தார். வயசு 47.