ஏழரை வருஷம் ஓடாத ரயில்!

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு பஸ் ஏறினால் நடுவில் பிரானூர் என்று ஓர் ஊர் வரும். கண்டக்டர் ஊர் பேரைச் சொல்ல மாட்டார். "பார்டரெல்லாம் இறங்கு!" என்பார். முதல் தடவை வருகிற சென்னைவாசி, கேரளா வந்துவிட்டது போலிருக்கிறது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராவார். பார்த்தால், சுற்றிலும் மர அறுப்பு மில். போர்டெல்லாம் தமிழ். கேரளாவோ இன்னும் மேற்கே, மலைக்கு மேல் இருக்கிறது.

அப்புறம் ஏன் சார் பார்டர்?

1956 வரைக்கும் இதுதான் நிஜ பார்டர். தென்காசி மதராஸ் ராஜ்ஜியம், செங்கோட்டை திருவிதாங்கூர். அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்து மலை ஏறிவிட்டது. பேர் மட்டும் நகர மறுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கூடவே பரோட்டாவும். 'பார்டர் பரோட்டா' சாப்பிடுவதற்கென்றே குற்றால சீஸனில் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அருவியில் பத்து நிமிஷக் குளியல், பரோட்டா கடையில் முக்கால் மணி நேரம்!

செங்கோட்டைக்குள் நுழைகிற இடத்தில் திருவிதாங்கூர் காலத்து வளைவு ஒன்று இன்னும் நிற்கிறது. அதில் மகாராஜாவின் சங்கு முத்திரை. ராஜா போயாச்சு, ராஜ்ஜியம் போயாச்சு. சங்கு மட்டும் இருக்கிறது.

இந்த ஊரிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்குப் போகிறதே ஒரு ரயில் பாதை, நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். மதராஸ் அரசு, திருவிதாங்கூர் சமஸ்தானம், தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து போட்டது. 1904-ல் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. திருவிதாங்கூருக்குள் வந்த முதல் ரயில் இதுதான். திருவனந்தபுரத்துக்காரர்கள் ரயிலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எங்கள் ஊர்க்காரர்கள் அதில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாகிவிட்டது!

அந்த நாளில் இந்தப் பாதையின் இரண்டு பக்கத்தையும் நன்றாக அறிந்த ஓர் இளைஞர் இருந்தார். வீடு செங்கோட்டை, உத்தியோகம் புனலூரில், வனத்துறையில். நம்மைப் போல சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். வாஞ்சிநாதன்! அந்த ஸ்டேஷன் இன்று வாஞ்சி மணியாச்சி.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் சுமார் 50 கிலோமீட்டர். பகவதிபுரம் வரைக்கும் வயலும் தென்னையுமாக சமர்த்தாக ஓடுகிற வண்டி, அதற்கப்புறம் மலையைப் பார்த்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மீட்டர் கேஜ் காலத்தில் பின்னாலும் ஓர் இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள். பிறகு ஒரு நீளமான குகை. நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வரும்போது கேரளா. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அங்கே தூறல் போட்டுக்கொண்டிருக்கும். நடுவில் யாரோ திரை போட்டு சீன் மாற்றிய மாதிரி!

குகை தாண்டினால் ஆரியங்காவு. அங்கே ஐயப்பன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறார். மார்கழி வாக்கில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் யார் தெரியுமா? மதுரை சௌராஷ்டிரா மக்கள். வருஷா வருஷம் சீர்வரிசையோடு மலை ஏறி வந்து சம்பந்தி மரியாதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாமியே எல்லை தாண்டித்தான் சம்பந்தம் செய்திருக்கிறார்!

அடுத்து கழுதுருட்டி பக்கத்தில் பதிமூன்று கண் பாலம். கருங்கல்லில் பதிமூன்று வளைவு, மேலே ரயில், கீழே ரோடு. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ரயிலில் போகிறவர்கள் அவர்களைப் பார்த்துக் கையாட்டுவார்கள். பிறகு தென்மலை, ரப்பர் தோட்டங்கள், புனலூர். 'புனல்' என்றால் தண்ணீர் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லடையாறு ஓடுகிறது. 1877-ல் கட்டிய தொங்கு பாலம் ஒன்றும் அதன் மேல் நிற்கிறது.

புனலூரில்தான் எங்கள் அத்தையைக் கட்டிக் கொடுத்திருந்தது.

செங்கோட்டையில் ஆச்சி, புனலூரில் அத்தை. நடுவில் பாசஞ்சர் வண்டி. மாசத்துக்கு ஒரு தடவை ஆச்சி தூக்குச்சட்டியில் முறுக்கும் எள்ளுருண்டையும் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பஸ் என்றால் அவளுக்கு ஆகாது. "அந்த வளைவுல ஏறினாலே கொமட்டுது, சவத்த" என்பாள். ரயில் என்றால் ராணி மாதிரி உட்கார்ந்து வருவாள். குகைக்குள் வண்டி நுழைந்ததும் சின்னப் பையன்கள் எல்லாம் ஊளையிடுவோம். ஆச்சி மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யனே... அய்யனே..." என்பாள். வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி, "எதுக்குல பயந்தே?" என்று என்னைக் கேட்பாள்!

2010 செப்டம்பரில் அகலப் பாதை போடுவதற்காக மலை ரயிலை நிறுத்தினார்கள். மலையில் குகையை அகலப்படுத்த வேண்டும், பாலத்தைப் பலப்படுத்த வேண்டும். சுலபமான வேலை இல்லைதான். முழுப் பாதையிலும் மறுபடி ரயில் ஓடியது 2018 மார்ச் கடைசியில். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக ஏழரை வருஷம்! சனி பகவான் ரயில்வேயையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ஏழரை வருஷமும் அத்தைதான் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஆச்சி நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பாள்.

"ஏல, மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கியே, ரயிலு எப்ப விடுவானாம்?"

நான் ரயில்வே மந்திரி மாதிரி, "அடுத்த வருஷம் ஆச்சி" என்பேன். 2012-லும் அதுதான், 2013-லும் அதுதான். 2015-ல் ஆச்சி போய்விட்டாள். அந்தப் பொய்யை ஒரு தடவையாவது கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் உறுத்துகிறது. மகள் வீட்டு வாசலை அவள் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஐம்பது கிலோமீட்டர்தான்.

இப்போது எழும்பூரிலிருந்தே கொல்லத்துக்கு வண்டி இருக்கிறது. சாயங்காலம் ஏறினால் காலையில் கொல்லம். ஆனால் அதில் ஒரு கஷ்டம். மலைப் பாதை வரும்போது விடிந்திருக்காது. பதிமூன்று கண் பாலத்தில் நாம் ஒரு கண்ணைக்கூடத் திறந்திருக்க மாட்டோம்! பகலில் பார்க்க வேண்டுமென்றால் மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் நேரத்தை ஒரு தடவை சரிபார்த்துக் கொள்ளுங்கள். போன வருஷம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அதில்தான் புனலூர் போனேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். "வா மோனே, சோறுண்ணு. பொறவு பேசலாம்" என்றாள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மாநிலம்!

மறுநாள் செங்கோட்டைக்கு அத்தையும் என்னோடு கிளம்பினாள். ரயில் வந்த பிறகும் ஏனோ அவள் அதில் ஏறாமலே இருந்திருக்கிறாள். "அம்மா இல்லாம ஏற மனசு வரல" என்றாள். ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். தென்மலை, பாலம், ஆரியங்காவு எல்லாம் பின்னால் போயின. அத்தை பேசவே இல்லை.

குகை வந்தது. பெட்டியில் பையன்கள் வழக்கம்போல ஊளையிட்டார்கள். இருட்டில் ஒரு கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

"அய்யனே... அய்யனே..."

வெளிச்சம் வந்ததும் அத்தை கையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குல பயந்தே?"