போ போ

தமிழில் ‘போ போ’ என்றால் விரட்டுதல். எங்கள் வீட்டில் அது அழைப்பு. கன்டனீஸ் மொழியில் தாயின் தாயை அப்படித்தான் அழைப்பார்கள். ஈப்போவில் தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த நாங்கள் மூவரும் அச்சொல்லைக் கூவியபடி அவர் வீட்டுப் படியேறும்போதெல்லாம், “பாட்டியையே விரட்டுகிறீர்களா?” என்று அப்பாவின் உறவினர் சிரிப்பார்கள்.

போ போ தம் இளமையில் கிந்தா பள்ளத்தாக்கில் துலாங் அலசியவர். நீரில் குனிந்து நின்று, மரத்தட்டைச் சுழற்றி மணலைக் கழித்து, அடியில் தங்கும் கனத்த கரிய ஈயமணலைச் சேர்க்கும் வேலை. 1985இல் ஈயச் சந்தை சரிந்த பின்னும் அந்தத் தட்டை அவர் எறியவில்லை. அதில் காய்ந்த மிளகாய் பரப்பி வைத்திருப்பார்.

அவரிடம்தான் முதலில் கன்டனீஸ் பேசினோம். பிறகு தமிழ்ப்பள்ளி, மலாய், ஆங்கிலம். கன்டனீஸ் சமையலறையோடு நின்றுவிட்டது. ‘சிக் ஜோ ஃபான் மே’, அதாவது சாப்பிட்டாயிற்றா என்பதைத் தாண்டி எங்களுக்குள் வாக்கியங்கள் இல்லை. அந்தச் ‘சிக்’கையும் ‘சிக்கு’ என்போம். வல்லின மெய்யில் சொல்லை முடிக்கத் தமிழ் நாக்கு இசைவதில்லை. குற்றியலுகரத்தை இலக்கணத்தில் படிப்பதற்கு முன்பே அதற்காகப் போ போவிடம் கேலி வாங்கியவர்கள் நாங்கள்.

இடையில் பொருள் சொல்லிக்கொண்டிருந்த அம்மா முதலில் போய்விட்டார். கடைசி வாரத்தில் மருத்துவமனைக் கட்டிலருகே நாங்கள் மட்டுமே இருந்தோம். போ போ ‘ஃபான்’ என்றார். சோறு. எங்களுக்குத் தெரிந்த சொல்! மகிழ்ந்துபோய்க் கஞ்சி ஊட்டினோம். இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மீண்டும் ‘ஃபான்’. மீண்டும் ஊட்டினோம்.

ஏழு ஏழு நாட்களாக எண்ணி நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், அம்மொழியை முறையாகக் கற்பது என்று தீர்மானித்தோம். ஹாங்காங் மொழியியலாளர்கள் 1993இல் வகுத்த ஜ்யுட்பிங் முறையில், ஒலியேற்ற இறக்கங்கள் ஆறுக்கும் 1 முதல் 6 வரை எண் உண்டு. குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, தலைக்கு மேல் எண்ணிட்டுப் படித்தோம். நான்காம் வாரம் அந்தச் சொல் வந்தது. தாழ்ந்து சமமாக ஒலிக்கும் ஆறாம் ஒலியில் ‘ஃபான்’ என்றால் சோறு. உயர்ந்த முதல் ஒலியில் ‘ஃபான்’ என்றால் திரும்புதல். ‘ஃபான் உக் கேய்’ என்றால் வீட்டுக்குத் திரும்புவது.

அன்று அத்துடன் குறிப்பேட்டை மூடிவிட்டோம்.

அவர் சோற்றையே கேட்டிருக்கலாம். ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வலு அக்குரலில் அப்போது இல்லை. இனி அறிய வழியில்லை. தவறாகப் புரிந்துகொண்டிருப்போமோ என்பதைவிட, இப்படியொரு ஐயத்துக்கு இடமுண்டு என்பதே அன்று எங்களுக்குத் தெரியாதிருந்ததுதான் உறுத்துகிறது. “வீட்டுக்கா?” என்று ஒருமுறை கேட்டிருந்தால் தலையையாவது அசைத்திருப்பார்.

இவ்வாண்டு ஏப்ரலில் சிங் மிங் நாளன்று கல்லறையைத் துப்புரவாக்கிச் சோறு படைத்தோம். பின், மூவரும் பழகி வந்தபடி, முதல் ஒலியில் சொன்னோம்: “போ போ, ஃபான் உக் கேய்.”

தங்கை ‘உக்கு’ என்றாள். நாங்கள் திருத்தவில்லை.