மூன்று சுழி ண

ஆவடியில் டேங்க் ஃபேக்டரி ஷிஃப்ட் விட்டால் அப்போதெல்லாம் சாலை முழுக்க சைக்கிள்தான். மிதித்துக்கொண்டே போகிறவர் கண்ணில் கடைப் பெயர் பட வேண்டும். எங்கள் வாத்தியாருக்கு அதுதான் அளவுகோல். கோவில்பதாகையில் அவரிடம்தான் நான் பலகை எழுதப் பழகினேன். சாக்பீஸால் கோடு போட்டதும் பிரஷைத் தொட மாட்டார். எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பார்ப்பார். பிறகு வந்து, மூன்று சுழி 'ண'வை விரலால் தொட்டு, "உள்ளே இன்னும் கொஞ்சம் காத்து போகணும்டா" என்பார். எனக்கோ அடுத்த பலகைக்கு ஓடிவிடத் துடிக்கும். அந்த வயசுக்கு நிற்பது ஒரு வேலையாகவே தெரியாது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935இலேயே தம் பத்திரிகையில் புழங்கவிட்ட வடிவங்கள் அவை. யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'னை' போய், முன்னால் தனிக் கொம்பு வந்தது. 'ணா'வுக்குத் தனிக்கால் முளைத்தது. 'அண்ணாமலை' என்ற ஒரு பெயரிலேயே இரண்டு எழுத்து மாறி, சொல்லும் நீண்டுவிட்டது. அந்தப் பெயரில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், "எங்கப்பா காலத்து எழுத்து, அப்படியே இருக்கட்டுமே" என்றார். வாத்தியார் மறுபேச்சு பேசவில்லை. மங்கின இடத்தை மட்டும் தொட்டுக் கொடுத்தார், கூலியும் வாங்கவில்லை. ஊர் அந்தக் கடையை அந்த வளைவை வைத்துத்தான் அடையாளம் கண்டது. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என் பேத்தி இப்போது நகரத்தில் ஒரு டிசைன் ஸ்டுடியோவில் இருக்கிறாள். பிராண்ட் ஐடென்டிட்டி என்கிறார்கள். பலகை, பை, பில், டப்பா, போன் திரை, எதில் பார்த்தாலும் இன்ன கடை என்று தெரிய வேண்டும். அதற்காக ஒரு எழுத்துருக் குடும்பத்தைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் பல இடங்களில் ஆங்கில லோகோவை முழுக்க முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் தமிழைத் திணிக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும். தமிழில் 'கி' மேலே ஏறும், 'பு' கீழே இறங்கும். அதே உயரத்துக்குள் அமுக்கினால் கொக்கியும் வாலும் நசுங்கும். தடிமன் கூட்டினால் 'ண'வின் சுழிகள் மையாய் அடைபடும். பில்லில் படிக்கவே முடியாது.

பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரன்' எழுத்துருவைப் பேத்திதான் காட்டினாள். தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பம், மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது எடைகள். மிகத் தடித்த 'ண'வைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுழி திறந்தே இருந்தது. ஆங்கிலத்தின் வடிவத்தைத் தமிழுக்கு மாட்டிவிடாமல், பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே கனமாகத் தெரியும்படி வரைந்திருக்கிறார். அதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று பலகை எழுதினவனுக்குத் தெரியும்.

இந்த முறை ஒரு மிட்டாய்க் கடைக்குத் தமிழை முதலில் வரையலாம் என்று ஸ்டுடியோவில் சம்மதிக்க வைத்திருக்கிறாள். கடைப் பெயரைக் கையால் வரைகிறார்கள், மற்றதற்கெல்லாம் எழுத்துரு. பை அச்சுக்குப் போக நாள் நெருங்கிவிட்டது. "'ஞ்' இன்னும் சரியா உட்காரலை தாத்தா" என்று நேற்று போனில் சொன்னாள். அச்சகத்தில் இன்னும் ரெண்டு நாள் கேட்டு வாங்கிக்கொள் என்றேன்.