தகரத்திலிருந்து தரைக்கு

கேமரன் மலையிலிருந்து வருகிறேன் என்றாலே பல்கலைக்கழக நண்பர்கள் குளிரையும் ஸ்ட்ராபெரியையும்தான் கேட்பார்கள். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து சொன்ன மலை அது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ! என் பாட்டியின் கைகளும் அவற்றில் அடங்கும். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில்தான் நான் வளர்ந்தேன்; தமிழ்ப்பள்ளியில் படித்துப் பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன்.

எங்கள் வரிசையில் பூ இல்லாத வாசலே கிடையாது. பாட்டியின் பூக்களோ மைலோ தகரங்களிலும் பிஸ்கட் தகரங்களிலும்தான் இருந்தன. நல்ல மண் காலடியில் இருக்க, தகரம் எதற்கு என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

"இது நம்ப வீடா கண்ணு? கெளம்புன்னு சொன்னா தூக்கிக்கிட்டுப் போயிறலாம்ல" என்பார்.

அவர் சொன்ன நாளும் வந்தது. வேலை ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பாவும் அம்மாவும் கடன் வாங்கி, மலையடிவாரத்தில் தாப்பா பக்கம் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கினார்கள். வாசலில் மூன்று பாய் விரிக்கும் அளவு மண். எங்கள் குடும்பம் தன் பெயரில் கண்ட முதல் நிலம் அதுதான்.

லாரியில் இறங்கி வந்த தகரங்கள் அந்த வெயிலைத் தாங்கவில்லை. ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்துக் குளிரில் கொத்துக் கொத்தாய்ப் பூத்த ஹைட்ரேஞ்சியா, சில வாரங்களில் கருகியது. பாட்டி சளைக்காமல் செண்டுமல்லி வைத்தார். அது செழித்தது, ஆனால் அம்மா தும்மத் தொடங்கினார்.

காரணம் இல்லாமல் இல்லை. அம்மா பல ஆண்டுகள் மலையில் ஒரு பூப்பண்ணையில் செவ்வந்தி வெட்டியவர். கையில் தடிப்பும் அரிப்பும் வந்து, பிறகு மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. செவ்வந்தியைத் தொடவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செண்டுமல்லியும் செவ்வந்தியின் குடும்பமே; ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெயிலுக்கு அஞ்சாத ஜீனியாவும், சூரியகாந்தியும் அதே குடும்பம்தான்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். தாவரங்களின் ஒவ்வாமையை 1 முதல் 10 வரை தரப்படுத்திய தாமஸ் ஓக்ரன் என்பவரின் நூல் 2000-இல் வெளிவந்திருக்கிறது. அவர் போன்றோர் எழுதியதிலிருந்து ஓர் அடிப்படை புரிந்தது. காற்றை நம்பும் செடிகளின் மகரந்தம் இலேசானது, எங்கும் பறக்கும். வண்டை நம்பும் பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பெரும்பாலும் பூவிலேயே தங்கும். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறிவிடுவதால் மகரந்தம் இன்னும் குறைவு.

ஆகவே பத்துமணிப் பூவைத் தேர்ந்தெடுத்தேன். மலாய்க்காரர்கள் இதை 'ரோஸ் ஜெப்புன்' என்பார்கள். ஆனால் இது ரோஜாவும் அன்று, ஜப்பானும் இதன் ஊர் அன்று. தென் அமெரிக்காவில் பிறந்த, நம் பருப்புக்கீரையின் உறவு. ஓராண்டுச் செடி. சதைப்பற்றான இலையில் நீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலிலும் சிரிக்கும். வெயில் இல்லாவிட்டால் மலரவே மலராது. மலைப் பனிமூட்டத்தில் இது எங்களுக்குப் பயன்பட்டிருக்காது.

அண்டை வீட்டுச் சீன அம்மையாரிடம் அடுக்கு வகைத் தண்டுகளை வாங்கி வந்தேன். பாட்டிக்கு அது பிடிக்கவில்லை.

"வாசமும் இல்ல, கட்டவும் முடியாது. இத எப்படிச் சாமிக்கு வக்கிறது?"

"அம்மாவுக்கு ஒத்துக்கும் பாட்டி" என்றேன்.

பாட்டி அம்மாவைப் பார்த்தார். பிறகு செண்டுமல்லி முழுவதையும் தாமே பிடுங்கினார். நான் வழக்கம்போல் ஒரு தகரத்தை எடுத்தேன்.

"அத ஏன் எடுக்கிற? தரையிலயே வையி."

விரல் நீளத் தண்டுகளை ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டோம். நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் மணல் கலந்து மண்ணைச் சற்று மேடாக்கினோம். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றினோம். விதை கிடைத்தால் புதைக்கக்கூடாது. அது முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் மறுநாள் வேறு பூக்கள் தயாராக இருக்கும்.

எங்கள் வாசல் இப்போது சிவப்பும் மஞ்சளுமாய் இருக்கிறது. அம்மா அங்கேயே அமர்ந்து கீரை ஆய்கிறார், தும்மல் இல்லை. எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால், எது ஒவ்வாது என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின் செடி வாங்குங்கள்.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடிய பாட்டி, இப்போது பூ விரியும்வரை காத்திருக்கிறார். எங்கள் வீட்டில் சாமி கும்பிடும் நேரம் காலை பத்து மணி.