நான் கேட்ட பாட்டு

இஷாவுக்குப் பிறகு எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் கச்சேரி. நாற்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வெறுமையாகவே கிடந்தன. பாடகருக்கு எழுபது தாண்டியிருக்கும். பக்கவாத்தியக்காரர் எவருமில்லை. முன்னால் ஓர் ஆர்மோனியம் மட்டும்.

சின்ன வயதில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் இவர் குரல் வந்தால், வாப்பா சாப்பிட்ட கையோடு றேடியோவுக்குக் கிட்டப் போய் நிற்பார். நாகூர் ஹனிபாவின் உச்சஸ்தாயியை எங்கள் பக்கத்தில் எட்டிப் பிடித்தவர் இவர்தான் என்பது வாப்பாவின் கட்சி. 2015இல் ஹனிபா காலமானபோது, "இனி இவரையாவது ஒருக்கா நேரில கேட்க வேணும்" என்றார். கேட்காமலே அவரும் போய்விட்டார்.

அந்த நினைவில், வாப்பா விரும்பிய பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பாடகர் வாசித்தார்; கொஞ்சம் தயங்கினார்; தொடங்கினார். பல்லவி நன்றாகவே வந்தது. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டவன் நானல்லவா? தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆர்மோனியம் நிற்கவில்லை.

"சீட்டு எழுதின தம்பி, இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?"

எழுந்தேன். வாப்பா முணுமுணுக்கும் கீழ்ச்சுருதியில் அந்த வரியைச் சொன்னேன். அதைப் பாடியதென்று சொல்ல மாட்டேன். அவர் சுருதியை எனக்கேற்ப இறக்கி, அடுத்த வரியை அங்கிருந்தே எடுத்தார்.

முடிந்ததும் ஸலாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். கையை விடாமல், "உங்கட வாப்பா பாடுவாரா?" என்றார். சீட்டில் வாப்பாவைப் பற்றியும் எழுதியிருந்தேன்.

"இல்லை. கேட்பார்."